அரசு ஓய்வூதியமும் வருமான வரியும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

மத்திய அரசுப் பணியிலிருந்தோ மாநில அரசுப் பணியிலிருந்தோ ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியத்துக்கு வருமான வரி விதிக்கும் அதிகாரம் இந்தியாவில் ஒன்றிய அரசுக்கு மட்டுமே உண்டு. அரியலூரில் வாழும் ரயில்வே ஓய்வூதியருக்கு மத்திய அரசு பணம் தருகிறது; பெரம்பலூரில் வாழும் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தமிழ்நாடு அரசு தருகிறது. வரிக்கணக்கு என்று வரும்போது இருவருக்கும் ஒரே சட்டம், ஒரே விகிதம்.

தொடக்கம்

1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கருவூலத்தை நிரப்ப, 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். 1886ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒரே இனமாக வைத்தது. ஆண்டு வருமானம் 500 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 2,000 ரூபாய் வரை ரூபாய்க்கு 4 பை, அதற்கு மேல் 5 பை (அன்று ரூபாய்க்கு 192 பை). பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தன. சம்பளத்தோடு ஓய்வூதியத்தைச் சேர்த்த அந்த இணைப்பு இன்றும் விலகவில்லை: 1922, 1961 சட்டங்களிலும் ஓய்வூதியம் சம்பளத் தலைப்பிலேயே நின்றது.

அதிகாரப் பங்கீடு

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வருமான வரியை மத்திய அரசுக்கும், விவசாய வருமான வரியை மாகாணங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. அரசியலமைப்பும் அதே வழியில் சென்றது: ஒன்றியப் பட்டியலின் 82ஆம் பதிவு முன்னதையும், மாநிலப் பட்டியலின் 46ஆம் பதிவு பின்னதையும் குறிக்கின்றன. அன்றைய சென்னை மாநிலம் 1955இல் தோட்டப் பயிர் வருமானத்துக்குத் தனிச் சட்டமே இயற்றியது. மாநிலத்துக்கு மிஞ்சிய இன்னொரு வழி தொழில் வரி. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும் இதற்கு, 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆண்டு உச்சவரம்பு 2,500 ரூபாய்.

இந்தப் பங்கீட்டின் பயன் அமெரிக்காவைப் பார்த்தால் விளங்கும். அங்கே மாநிலங்களும் வருமான வரி விதிக்கின்றன. மிச்சிகன் மாநிலம் தன் ஊழியரின் ஓய்வூதியத்துக்கு விலக்குத் தந்துவிட்டு, மத்திய அரசு ஓய்வூதியருக்கு வரி போட்டது. டேவிஸ் என்ற ஓய்வூதியர் தொடுத்த வழக்கில் 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. இதே சிக்கலில் மேற்கு வர்ஜீனியா மாநிலமும் 2019இல் தோற்றது. நம் ஓய்வூதியர்கள் இதற்காக நீதிமன்றம் ஏற வேண்டி வரவில்லை.

இரு மாவட்டங்களில்

திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமானது. மாநில ஓய்வூதியர் கருவூலத்தின் வழியாகவும், ரயில்வே ஓய்வூதியர் வங்கி வழியாகவும் பணம் பெறுகிறார்கள். உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்த முன்னவர் நேர்காணலுக்குப் போவார். பின்னவர் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுப்பார். பணம் தருவது கருவூலமோ வங்கியோ, வரியைப் பிடித்துக்கொண்டு படிவம் 16 தருவது அதன் கடமை.

சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூரில், ஓய்வு பெற்ற பலருக்குக் கொஞ்சம் காடும் இருக்கும். விளைச்சல் வருமானத்துக்கு ஒன்றியம் வரி போட முடியாது. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், ஓய்வூதியத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட இரண்டும் கூட்டப்படும். கே.என்.ராஜ் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973இல் வந்த முறை இது.

எதற்கு வரி, எதற்கு இல்லை

மாத ஓய்வூதியத்துக்கும் அகவிலைப்படிக்கும் வரி உண்டு. அரசு ஊழியரின் பணிக்கொடை, ஓய்வின்போது பெறும் ஈட்டிய விடுப்புப் பணம், ஓய்வூதியத்தின் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் தொகை ஆகியவற்றுக்கு முழு விலக்கு. 60 வயதில் ஓய்வு பெறும் மத்திய அரசு ஊழியரின் ஓய்வூதியம் 30,000 ரூபாய் என்று கொள்வோம். 40 விழுக்காடான 12,000 ரூபாயை அவர் விட்டுக்கொடுத்தால், 8.194 என்ற காரணியின்படி கைக்கு வருவது 11,79,936 ரூபாய். அதில் ஒரு ரூபாய்க்கும் வரி இல்லை. விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டுக்குப் பின் திரும்பக் கிடைக்கும்.

அரியலூர் அரசு சிமெண்ட் ஆலையில் உழைத்தவரின் கதை வேறு. ஆலை மாநில அரசுக்குச் சொந்தமானாலும், அது நிறுவனம் என்பதால் அதன் ஊழியர் வரிச் சட்டத்தின் கண்ணில் அரசு ஊழியர் அல்லர். பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் ரூபாய் என்று அவரது விலக்குக்கு வரம்பு உண்டு.

வீர தீர விருது பெற்ற படைவீரரின் ஓய்வூதியத்துக்கும், போர்ப் பணியில் உயிரிழந்த வீரரின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வரி இல்லை.

குடும்ப ஓய்வூதியம்

ஓய்வூதியருக்குப் பின் அவரது துணைக்குக் கிடைக்கும் தொகையைச் சட்டம் ‘பிற வருமானம்’ என்கிறது. அதனால் புதிய வரி முறையில் ஓய்வூதியருக்குரிய 75,000 ரூபாய் நிலையான கழிவு துணைக்கு இல்லை. அம்முறையில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் குறைந்ததே கழியும். பழைய முறையில் அது 15,000. சம்பள வருமானம் அல்லாததால் பிடித்தமும் இல்லை. வரிக்கணக்கை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர் இருந்தவரை வங்கி வாசல் மிதித்தறியாத மூதாட்டிக்கு இது பெருஞ்சுமை. துணையிழந்தவருக்குக் கழிவைக் குறைப்பதில் நியாயம் இல்லை; சட்டம் திருந்த வேண்டிய இடம் இது.

இன்றைய நிலை

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2025–26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. நிலையான கழிவையும் சேர்த்தால் 12,75,000 ரூபாய் வரை ஓய்வூதியருக்கு வரி வராது. ஆனாலும் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். 75 வயது நிறைந்து, ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே உள்ளவருக்கு, வங்கியில் உறுதிமொழி கொடுத்தால், 2021இல் வந்த விதியின்படி இதிலிருந்து விலக்கு உண்டு. நிலுவை மொத்தமாக வந்து வரி ஏறினால், படிவம் 10இ வழியாக நிவாரணம் கேட்கலாம். இந்த உரிமைகள் எதுவும் கேட்காமல் வீடு தேடி வருவதில்லை. கேட்கத் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வது உடன் ஓய்வு பெற்றவர்களின் கடமையும் ஆகிறது.