சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு வாரம்: ஈரலுக்காக ஒரு சாப்பாடு

உடல் பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவரிடம் ஓர் உணவுத் தாளும் கொடுக்கப்படும். பெரும்பாலும் இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம். சோறு, பாண், சீனி, தேங்காய்ப்பால் எல்லாம் அதில் வெட்டப்பட்டிருக்கும். "இரைப்பையைத்தானே சின்னதாக்கப் போகிறார்கள், அதற்கு முன்னரே ஏன் பட்டினி?" என்று வீட்டில் கேட்பார்கள். சாப்பாடில்லாமல் நாட்களைக் கடத்திய குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்துச் சமையலறைகளை மனதில் வைத்து அதற்கு இங்கே பதில் தருகிறோம். வைத்தியர் தந்த தாளே முதன்மையானது. இதை அந்தத் தாளுக்கான விளக்கமாக வாசியுங்கள்.

காரணம் ஈரல்

இந்தச் சத்திரசிகிச்சை சிறு துளைகளின் ஊடாகக் கமரா செலுத்திச் செய்யப்படுவது. இரைப்பையின் மேற்பகுதியை ஈரலின் இடது பக்கம் மூடியிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை தெரியும். பருமனானவர்களில் பலருக்கு ஈரலில் கொழுப்பு படிந்து, அது வீங்கியிருக்கும். அப்படிப்பட்ட ஈரலைத் தூக்குவது கடினம். இரத்தம் கசியவும் கூடும். சில வேளை துளைவழிச் சிகிச்சையைக் கைவிட்டு வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டி வரும், அல்லது சிகிச்சையையே தள்ளிப்போட நேரும்.

மாச்சத்தைக் குறைத்தால் ஈரல் தன் சேமிப்பான கிளைக்கோஜனைச் செலவழிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறும். அதன் பின் கொழுப்பும் கரையும். அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்றில் 32 பேர் 12 வாரம் இவ்வாறான உணவை எடுத்தார்கள். ஈரலின் பருமன் சராசரியாக 18.7 வீதம் குறைந்தது. அந்தக் குறைவில் 80 வீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்தது. இரண்டு வாரம் என்ற கணக்கின் பின்னால் இருப்பது இதுதான்.

தட்டில் என்ன இருக்கும்

பொதுவாக ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி வரை. மாச்சத்து குறைவு, புரதம் போதிய அளவு. இதற்கென விலை கூடிய மா ரின்கள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்க முடியாவிட்டால் சாதாரண உணவிலேயே இதைச் செய்யலாமா என்று போசணை ஆலோசகரிடம் கேளுங்கள்; பலருக்கு அது முடியும்.

முட்டை, தோல் நீக்கிய கோழி, மீன், சோயா மீற், சீனியில்லாத தயிர், ஆடை நீக்கிய பால் ஆகியவை புரதத்துக்கு. கோவா, போஞ்சி, லீக்ஸ், வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் போன்றவை வயிறு நிறைய. கறியைத் தேங்காய்ப்பால் விடாமல் சமையுங்கள். அரைக் கப் கட்டிப்பாலிலேயே 200 கலோரிக்கு மேல் உண்டு. பருப்பு, கடலை, கௌபி நல்லவைதான். ஆனால் அவற்றில் மாச்சத்தும் உள்ளதால் அளவு கேட்டுப் போடுங்கள். குரக்கன் ரொட்டியும் மாச்சத்தே.

மலையகத்தில் மறந்து போவது தேநீர். ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறத்தாழ 20 கலோரி. இரண்டு கரண்டி போட்டு நாளுக்கு ஆறு தேநீர் குடித்தால் 240 கலோரி. அன்றைய உணவில் கால்வாசி அதிலேயே போய்விடும். சீனியில்லாத வெறுந்தேநீர் பிரச்சினையில்லை.

முதல் மூன்று நான்கு நாட்கள் தலையிடி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். சிறுநீரக, இருதய நோயாளர் தங்களுக்குச் சொல்லப்பட்ட அளவைத் தாண்ட வேண்டாம். இந்த நாட்களில் விரதம் பிடித்தால் புரதம் கிடைக்காமல் போகும். சிகரெட், பீடி, மதுவையும் நிறுத்த வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

ஆபத்து அதிகம் இங்கேதான். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு இன்சுலினையோ கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாத்திரைகளையோ பழைய அளவில் எடுத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சீனி சாதாரண அளவில் இருக்கும்போதே இரத்தம் அமிலமாகும் நிலை வரக்கூடும். ஆகவே மருந்தின் புதிய அளவை எழுத்தில் வாங்காமல் இந்த உணவைத் தொடங்க வேண்டாம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால், அல்லது சீனி 70க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். அந்த நேரத்தில் அது மருந்து. உணவுக் கட்டுப்பாட்டை மீறியதாக எவரும் சொல்லமாட்டார்கள்.

தாள் விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கம் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இன்சுலின் அளவு போன்ற விடயத்தில் ஊகித்துத் தலையாட்டக் கூடாது.

போரைக் கடந்த உடல்கள்

ஷெல் காயத்துக்காக முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம்; துளைவழிச் சிகிச்சைக்கு அது முக்கியமான தகவல். உடலில் உலோகத் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கால் இழந்தவருக்கு நிறைக் கணக்கே மாறும். முழங்காலுக்குக் கீழுள்ள ஒரு கால் உடல் நிறையில் ஏறத்தாழ 6 வீதம். அதைச் சேர்க்காமல் உடற்திணிவுச் சுட்டியைப் பார்த்தால் உண்மையான அளவைவிடக் குறைவாகவே காட்டும். ஆசியர்களுக்குச் சுட்டி 27.5ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் சொல்வதால், இந்த வித்தியாசம் சிறியதல்ல.

மனநல மருந்துகள் சில நிறையைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இன்னொன்று பசி. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு, வெறும் வயிறு அந்த நாட்களையே திரும்பக் கொண்டுவரலாம். நித்திரையின்மை, பதற்றம், ஒளித்துச் சாப்பிடும் உந்துதல் வந்தால் அதை மனவுறுதிக் குறைவென்று நினைக்காதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள், உணவை மாற்றி அமைக்கவும் ஆலோசனைக்கு அனுப்பவும் முடியும்.

தவறினால் என்ன செய்வது

கலியாண வீட்டில் ஒரு நேரம் சோறு சாப்பிட்டுவிட்டால் எல்லாம் பாழாகிவிடாது. அடுத்த வேளையிலிருந்து தாளுக்குத் திரும்புங்கள். பல நாட்கள் தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திகதி தள்ளிப்போவது, மேசையில் படுத்த பின் சிகிச்சை கைவிடப்படுவதைவிட நல்லது.

இன்னும் கிளினிக் பக்கம் போகாதவர்கள், பக்கத்து அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் நிறை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அங்கிருந்து கடிதம் பெற்று பெரிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிகிச்சை தேவையா, எங்கே செய்வது என்பதை அங்கே சொல்வார்கள். முன்னைய காய அட்டை, மருந்துச் சிட்டைகள், எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.