எங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர், ஒரு சட்டம்

"நீங்க எந்தக் கட்சி?"ன்னு கேட்கிறவங்களுக்கு எங்க மாவட்டத்துக் கதைதான் பதில்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. திருமயத்தில் 1887இல் பிறந்தவர் காங்கிரஸ் சத்தியமூர்த்தி. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கணும்னு சட்டசபையில் போராடினார் அம்மையார். அவருடைய தாயார் பிறந்ததே அந்தச் சமூகத்தில்தான். சம்பிரதாயமும் கோயில் கலையும் போயிடும்னு எதிர்த்தார் சத்தியமூர்த்தி. சென்னைக்குப் பூண்டி நீர்த்தேக்கம் வர வழிசெய்த மேயரும் அவரேதான்!

வேடிக்கை என்னன்னா, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது அவருடைய காங்கிரஸ் ஆட்சி. கோயில்கள் அப்படியேதான் நிற்கின்றன, பக்தியும் குறையலை. ஆனா பரம்பரையா ஆடிவந்த பல பெண்கள் பிழைப்பை இழந்தாங்க. அதையும் மறைக்கக் கூடாது.

நியாயத்துக்குக் கட்சிக் கொடி கிடையாதுங்க. சொன்னது யாருன்னு பார்க்கிறதுக்கு முன்னால, வலி யாருக்குன்னு பாருங்க.