பாதரசமும் தொப்புள்கொடியும்

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் அம்மாவின் பொறுப்பு. சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குழாயில் இருக்கும். யாருக்காவது உடம்பு சுட்டால் எடுத்து, இரண்டு உதறு உதறி, அக்குளில் வைப்பாள். ஒருமுறை அது கைதவறி உடைந்தது. தரையில் ஓடிய வெள்ளி மணிகளை நானும் தங்கையும் விரலால் தள்ளி விளையாடினோம். அம்மா துடைப்பத்தால் கூட்டித் தள்ளினாள். அது விஷம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அது கொடைக்கானலில் செய்ததாக இருந்திருக்காது. அங்கே செய்தவை பெரும்பாலும் வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. 1983இல் அமெரிக்காவின் செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தன் தெர்மாமீட்டர் ஆலையைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. ஆம், நாம் முகத்தில் பூசிக்கொண்ட கிரீமின் அதே பாண்ட்ஸ்தான். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமும் சுற்றுச்சூழல் முகமையும் அமெரிக்காவில் 1970இல் வந்தவை. பாதரசம் இல்லாத மின்னணுத் தெர்மாமீட்டரும் அப்போது சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த இடமாற்றத்தைப் படிக்க முடியாது. பழசாகிப்போன தொழில்நுட்பம் மலையேறியபோது, நமக்கு அது நவீனத் தொழிலாகவும் ஏற்றுமதியாகவும் வேலைவாய்ப்பாகவும் வந்து சேர்ந்தது. 1987இல் செஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது.

ஆலை நின்ற இடம் பாம்பார் சோலையின் விளிம்பு. அங்கிருந்து இறங்கும் தண்ணீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கருவுற்றவளின் நஞ்சுக்கொடியையும் தாண்டும். கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பும் வேலையில் உடைசலும் சிந்தலும் அன்றாடம். ஆலையில் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு: போட்டிருந்த துணியோடு பாதரசமும் வீட்டுக்கு வந்தது. அந்தத் துணியை ஊறவைத்து, கசக்கி, அலசிக் காயப்போட்டவள் யார்? அவள் பெயர் ஆலையின் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது வெளியே தெரிந்தது. சுமார் 7.4 டன். தொழிலாளர்களும், பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸும் ஊர்மக்களோடு தெருவில் இறங்கினார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திரும்பிப் போனது. கழிவு தெற்கிலிருந்து வடக்கே திரும்பிப் போவது அரிது. அதை ஒரு மலையூர் சாதித்தது. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைக் காட்டியது. 2011இல் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை, தொழிலாளர்கள் மட்டுமல்லாமல் அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கில் ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் இணையத்தில் உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இந்த 591இல் நான் கொஞ்சம் தயங்கி நிற்கிறேன். எண்ணப்பட்டவர் கூலி வாங்கியவர். தொழிலாளர் குடும்பங்கள் சொன்ன கதைகளில் கருச்சிதைவும், மாதவிடாய்க் கோளாறும், பிறவியிலேயே நலிந்த குழந்தையும் உண்டு. சிறுநீரக நோய்க்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். மூன்றாம் மாதத்தில் வீட்டிலேயே கலைந்த கருவுக்கு எந்தச் சீட்டு? சான்று கேட்கும் சபையில் அவளுடைய நோவு வெறும் பேச்சாகிவிடுகிறது.

ஜப்பானின் மினமாட்டாவிலும் முதலில் இதுதான் நடந்தது. அங்கே விஷம் வேறு வடிவம்: ரசாயன ஆலை கடலில் விட்ட மெத்தில் பாதரசம், மீன் வழியாக மனிதருக்குள் வந்தது. 1956இல் அந்நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. மீனே தின்னாத தன் இளைய மகனுக்கும் அண்ணனுக்கு வந்த அதே நோய்தான், மீனைத் தின்றது நான் என்று ஒரு தாய் ஹராடா மசசுமி என்ற இளம் மருத்துவரிடம் வாதிட்டாள். 1962இல்தான் அது கருவிலேயே வரும் நோய் என ஏற்கப்பட்டது. பிறகு ஹராடா ஒரு வேலை செய்தார். அந்த நாட்டில் பிள்ளையின் உலர்ந்த தொப்புள்கொடியைப் பெட்டியில் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். எந்த ஆண்டு பிறந்த பிள்ளைக்குள் எவ்வளவு பாதரசம் போனது என்பது அதில் இருந்தது. நம் வீடுகளிலும் கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டுவோம். மூடநம்பிக்கை என்று நான் இளவயதில் கேலிசெய்த வழக்கம், ஆவணக் காப்பகம் செய்ய மறந்ததைச் செய்திருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் பேச்செல்லாம் ஆழ்தொழில்நுட்பம்: சிப், மின்கலம், உணரி. பசுமையானது, தூசு தும்பில்லாதது என்கிறார்கள். சிப் தயாராகும் அறைக்குப் பெயரே ‘சுத்த அறை’. தூசு படக்கூடாதது சிப்புக்கு. உள்ளே நிற்பவளுக்கு அல்ல. 1986இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹட்சன் நகர் டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆலையில் அந்த அறைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். 1992இல் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்து, கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பானைச் சுட்டின. அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், யாரோ அந்தப் பெண்களிடம் கருவைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்ததுதான்.

என் தங்கை மகள் ஒரு மின்னணு ஆலையில் வேலை பார்க்கிறாள். ஆண்டுப் பரிசோதனையில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். கண், ரத்தம், எடை என்று அடுக்கினாள். கரு கலைந்தால்?

“அதெல்லாம் யாரு பெரியம்மா கேக்குறாங்க? எத்தனை நாள் லீவுன்னு மட்டும் எழுதிக்குவாங்க.”