சேப்பாக்கம் சொன்ன தீர்ப்பு

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், நீர் வற்றிய கண்மாய்களிலும் அறுப்பு முடிந்த வயல்களிலும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடுவர் என்று தனியாள் கிடையாது. மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்த ஒருவனே ஸ்டம்புக்குப் பின்னால் நின்று தீர்ப்புச் சொல்வான். அதனாலேயே அந்த ஆட்டங்களில் எல்.பி.டபிள்யூ. என்னும் விதி பெரும்பாலும் இருப்பதில்லை. காலில் பட்ட பந்து, படாமல் சென்றிருந்தால் ஸ்டம்பைத் தகர்த்திருக்குமா என்பது முற்றிலும் நடுவரின் கணிப்பு. எதிரணியின் ஆளுடைய கணிப்பை எவரும் நம்பமாட்டார்கள். ஆகவே, விதியையே நீக்கிவிட்டார்கள்!

சிறுவர்களின் இந்தச் சிக்கலைச் சர்வதேச கிரிக்கெட்டும் நூறாண்டுகளுக்கு மேலாகச் சுமந்தது. முதல் டெஸ்ட் போட்டி நடந்த 1877 முதற்கொண்டு, எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டவரே நடுவராக நிற்பது வழக்கமாயிற்று. விருந்தாளியாக வந்த அணி தோற்றால், நடுவர்மீது குறை கூறியபடியே கப்பலேறும். இவ்வழக்கம் நடுவருக்கும் எத்துணைப் பெரிய சுமை என்பதை 1986-ஆம் ஆண்டில் நம் சேப்பாக்கம் காட்டியது.

அவ்வாண்டு செப்டம்பர் 22. ஆலன் பார்டர் தலைமையிலான ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு 348 ஓட்டங்களை இலக்காக வைத்திருந்தது. கடைசி ஓவரில் நான்கு ஓட்டங்கள் தேவை. கையில் இருந்தது ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி மூன்று ஓட்டங்கள் எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்தார். ஐந்தாம் பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட்டது. பந்து வீசிய கிரெக் மாத்யூஸ் முறையிட்டார். நடுவர் விக்ரம்ராஜு தயங்காமல் விரலை உயர்த்தினார். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது முறையாக ஓர் ஆட்டம் சமனில் முடிந்தது. பந்து முதலில் மட்டையில் பட்டது என்றார் மணீந்தர். தம் தீர்ப்புச் சரியே என்றார் நடுவர். விக்ரம்ராஜுவுக்கு அது இரண்டாவது டெஸ்ட். மூன்றாவது டெஸ்டில் நிற்கும் வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை.

சொந்த நாட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் பாரபட்சம் என்பர். பாதகமாகச் சொன்னால் துரோகம் என்பர். விரல் எப்பக்கம் சாய்ந்தாலும் அந்த நடுவருக்கு நிம்மதி ஏது?

இதற்கு மாற்று, ஏழு வாரங்களுக்குள் லாகூரில் பிறந்தது. நடுநிலை நடுவர்கள் வேண்டும் என்று வலியுறுத்தி வந்தவர் பாகிஸ்தான் அணித்தலைவர் இம்ரான் கான். தம் மண்ணிலேயே, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, அவ்வாண்டு நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? பிலூ ரிப்போர்ட்டர், வி.கே. ராமசாமி என்னும் இரு இந்தியர்கள்! பாகிஸ்தான் இரண்டாம் இன்னிங்ஸில் 77 ஓட்டங்களுக்குச் சுருண்டு, மூன்றே நாட்களில் தோற்றது. இந்தியர் தந்த தீர்ப்பால் தோற்றோம் என்று சொல்லித் தப்ப அந்த அணி முயலவில்லை. மறு ஆண்டு பைசலாபாத்தில் உள்ளூர் நடுவர் ஷக்கூர் ராணாவுக்கும் இங்கிலாந்து அணித்தலைவர் மைக் காட்டிங்குக்கும் மூண்ட வாய்ச்சண்டையில் ஒரு நாள் ஆட்டமே வீணாயிற்று. அதைக் கண்டபின் இம்ரானின் கோரிக்கைக்கு வலுக் கூடியது. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவரும், 2002 முதல் இருவரும் வெளிநாட்டு நடுவர்களாக நிற்கலாயினர். 2008-இல் தீர்ப்பை மறு ஆய்வு செய்யும் முறையும் சோதனைக்கு வந்தது.

நடுவர் சீரானால் போதுமா? தீர்ப்பை ஏற்கும் நெஞ்சம் வேண்டாமா? அதற்கு விடை 1999 ஜனவரி 31 அன்று மீண்டும் சேப்பாக்கத்திலேயே கிடைத்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. அதனை எதிர்த்தோர் தில்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தனர். இத்தகைய நாட்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தகைய பார்வைகளைச் சந்திப்பர் என்பதை நாம் அறிவோம். ஒரு நல்ல பந்துவீச்சைப் புகழ்வதற்கும் நாற்புறமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை! சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கம்பீரக் குரலில் கிரிக்கெட்டைத் தமிழில் கேட்டு மகிழ்ந்த குடும்பங்களுக்கு, இந்த ஆட்டத்தை ஆட்டமாகவே நேசிக்கும் உரிமை இல்லையா?

இலக்கு 271. முதுகுவலியோடு போராடி 136 ஓட்டங்கள் குவித்தார் சச்சின். கங்குலியின் பிடி தரையில் பட்டதா என்ற சர்ச்சையும் இடையே எழுந்தது. அன்று நின்ற நடுவர்கள் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன், லாகூரில் நின்ற அதே ராமசாமி. சச்சின் வீழ்ந்தபோது தேவை 17 ஓட்டங்களே. எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் சரிந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

அரங்கம் ஒரு கணம் உறைந்தது. பின்னர் கைதட்டல் எழுந்தது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தை வலம் வர, சென்னை மக்கள் எழுந்து நின்று வாழ்த்தினர். சமயம் கேட்டு அமர்ந்த கூட்டமல்ல அது. சமயம் பார்த்து எழுந்த கூட்டமுமல்ல. மூன்று வாரங்களுக்குள் கல்கத்தாவில், சச்சின் ரன் அவுட்டான தீர்ப்பைக் கூட்டம் ஏற்க மறுத்தது. இறுதி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு வெறும் அரங்கில் ஆட்டத்தை முடித்தார்கள். சேப்பாக்கத்தின் அருமை அப்போதுதான் பலருக்கும் விளங்கிற்று.

நடுநிலையான நடுவரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். கருவியைக் கொண்டும் தீர்ப்பைச் சரிபார்க்கலாம். தோற்ற வேளையில் வென்றவனுக்காகத் தட்டும் கையை எங்கிருந்து வரவழைப்பது? அதை வீட்டில்தான் பழக்க வேண்டும். கண்மாயில் ஆடிவிட்டு அந்தியில் வீடு திரும்பும் மகனிடம், வென்றாயா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நடுவனாக நின்றபோது உன் அணிக்காரனை அவுட் என்று சொன்னாயா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.