தலைமுடியில் தொடங்கிய சென்சார்

சென்சார் என்றதும் சிலிக்கான் சில்லும் பச்சை நிற சர்க்யூட் போர்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காற்றின் ஈரத்தை அளக்க நீண்ட காலம் உதவியது மனிதனின் தலைமுடி என்றால் நம்ப முடிகிறதா?

1783-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற விஞ்ஞானி ஈரப்பதத்தை அளப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். எண்ணெய்ப் பசை நீக்கிய முடியின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு, மறு நுனியை ஒரு முள்ளோடு இணைத்தார். முள் நகர்ந்து ஈரத்தைக் காட்டியது. முடி நீள்வது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். அதை வைத்தே வானிலை நிலையங்கள் 20-ம் நூற்றாண்டிலும் வேலை பார்த்தன.

பிறகு பலூனில் கருவிகளை மேலே அனுப்பும் காலம் வந்தது. கடுங்குளிரில் முடி மந்தமாகிவிடும். எனவே 1938-ல் அமெரிக்காவின் பிரான்சிஸ் டன்மோர், லித்தியம் குளோரைடு உப்பைப் பூசி மின்சாரத்தால் ஈரத்தை அளக்கும் கருவியை அறிவித்தார். 1973-ல் பின்லாந்தின் வைசாலா நிறுவனம் மெல்லிய பாலிமர் படலத்தால் ஆன சென்சாரைக் கொண்டுவந்தது. துல்லியம் கூடியது, வேகம் கூடியது. முடி ஓரங்கட்டப்பட்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. 2022-ல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான். பழைய டிவியையாவது தூக்கிக் கொடுக்கலாம். வயலில் தூவியதையும் உணவுப் பொட்டலத்தில் ஒட்டியதையும் யார் பொறுக்குவது?

அதனால்தான் மட்கும் பொருட்களை நோக்கி ஆய்வாளர்கள் திரும்பினார்கள். காகிதத்தின் மேல் டிரான்சிஸ்டர் செய்வது புது யோசனை அல்ல. 1960-களிலேயே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடி செய்து காட்டியிருந்தார். 2008-ல் போர்ச்சுகலின் எல்விரா ஃபோர்ச்சுனாட்டோவும் ரோட்ரிகோ மார்ட்டின்ஸும் ஒரு படி மேலே போனார்கள். டிரான்சிஸ்டரைத் தாங்கும் தளமாக மட்டுமல்ல, அதற்குள் வேண்டிய மின்கடத்தா அடுக்காகவும் காகிதத்தையே பயன்படுத்தினார்கள்.

2012-ல் அமெரிக்காவில் இல்லினாய், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழுக்கள் பட்டின் மேல் கருவி செய்தன. கம்பிக்கு மெக்னீசியம், சில்லுக்கு மிக மெல்லிய சிலிக்கான். எலியின் உடலுக்குள் வைத்தபோது வேலை முடிந்ததும் கரைந்தது. 2017-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு, பைன் மரப்பலகையில் லேசரால் கோடு இழுத்து அந்த மரத்தின் கரியையே மின்சாரம் கடத்தும் கிராபீனாக மாற்றியது. அடுத்த ஆண்டு உருளைக்கிழங்கிலும் தேங்காய் ஓட்டிலும் இதையே செய்தார்கள்!

ஆனால் இயற்கைப் பொருள் என்றாலே எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. முடியை சென்சாராக்கிய அதே குணம், ஈரத்தை உறிஞ்சுவது, இங்கே தொல்லையாகிறது. 2015-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மர நாரால் ஆன சில்லைச் செய்தது. அது சென்சார் அல்ல, கம்பியில்லாத் தொடர்புக்கான சில்லு. மரத்தை அரிக்கும் பூஞ்சை அதன் தளத்தைத் தின்றது. ஆனால் ஈரம் புகாமல் இருக்க மேலே எபாக்சி பூச வேண்டியிருந்தது. சில்லின் வேலையைச் செய்யும் பகுதியோ ஆர்சனிக் கலந்த காலியம் ஆர்சனைடு. அதன் அளவைப் பல மடங்கு குறைத்தார்கள், முழுவதும் நீக்க முடியவில்லை.

ஆக, ஒரு சென்சார் காகிதத்தில் செய்யப்பட்டது, மரத்தில் செய்யப்பட்டது என்று செய்தி வரும்போது இன்னும் மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. மேலே பூசியது என்ன? கோடு வரைந்தது எந்த உலோகத்தால்? மின்சாரம் தருவது எந்த பேட்டரி? தளம் மட்கிவிட்ட பிறகு மண்ணில் தங்கப்போவது இந்த மூன்றும்தான். பட்டின் மேல் மெக்னீசியத்தையும் மரத்தின் மேல் மரக்கரியையும் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டாவது கேள்விக்காவது விடை தேடியிருக்கிறார்கள்.