நோயின் இறுதிக் கட்டத்தில் மனச்சோர்வும் மரண விருப்பமும்

குணமாக்க முடியாத நோயின் இறுதிக் கட்டத்தில் தோன்றும் மனச்சோர்வு, தனியே கண்டறிந்து சிகிச்சை தரவேண்டிய ஒரு நோய்நிலை. சாவை எதிர்நோக்கியிருப்பவர் சோர்ந்திருப்பது இயல்புதானே என்று உறவினரும் சில வேளை மருத்துவரும் கருதிவிடுவதால் இது கவனிக்கப்படாமல் போகிறது. துயரமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. துயரம் அலைபோல வந்துபோகும். நடுவே பேரக்குழந்தையைக் கண்டால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியே வற்றிவிடும். நாம் பிறருக்குப் பாரம், வாழ்ந்ததே வீண் என்ற எண்ணம் நிலைத்துவிடும். சாவை விடாப்பிடியாக விரும்பும் மனநிலை பெரிதும் இதனோடு பிணைந்திருக்கிறது.

கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவும் குழுவினரும் நோய் முற்றிய 200 பேரிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியச் சான்று. சாவு விரைவில் வந்தால் தேவலை என்று அவ்வப்போது நினைத்தவர்கள் 44.5 விழுக்காடு, அந்த விருப்பம் தீவிரமாக நீடித்தவர்கள் 8.5 விழுக்காடு மட்டுமே. இந்தச் சிறு பிரிவினரில் 58.8 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது, மற்றவர்களில் 7.7 விழுக்காட்டினருக்கே இருந்தது. வலியும் குடும்ப ஆதரவின் குறைவும் மரண விருப்பத்தோடு தொடர்புடையவையே. மனச்சோர்வின் தொடர்பு அவற்றினும் வலுவானது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் பேச முடிந்த 6 பேரில் 4 பேரிடம் அவ்விருப்பம் தணிந்திருந்தது. எண்ணிக்கை சிறிதுதான், ஆயினும் அது மாறக்கூடியது என்பதை உணர்த்துகிறது.

பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு ஆகியவற்றை உடல்நோயே உண்டாக்கும்போது மனச்சோர்வை எப்படிப் பிரித்தறிவது என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் மருத்துவர்கள் நம்பிக்கையிழப்பு, குற்றவுணர்வு, பயனற்றவர் என்ற எண்ணம் ஆகிய மன அறிகுறிகளுக்குக் கூடுதல் எடை தருகிறார்கள். மருந்து வேலைசெய்ய வாரக்கணக்கில் ஆகுமே, அதற்குக் காலம் ஏது என்பது அடுத்த ஐயம். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரிடமும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 38 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வு அறிகுறிகள் தென்பட்டன. மனச்சோர்வு மருந்து பெற்றோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, பலன் மாத்திரையில் மட்டும் இல்லை. வலி, மூச்சுத்திணறல், அச்சம் யாவற்றையும் சேர்த்துக் கவனிப்பதிலும் இருக்கிறது.

சாவை விரும்பும் எல்லோரும் மனச்சோர்வுற்றவர்கள் அல்லர் என்ற மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். சொச்சினோவின் ஆய்விலேயே அப்படிப்பட்டவர்கள் உண்டு. தெளிந்த மனத்தோடு சொல்பவரின் சொல்லை நோயென்று தள்ளிவிடுவதும் அவமதிப்பே. ஆனால் மருத்துவ உதவியுடன் உயிர்துறப்பதைச் சட்டம் அனுமதிக்கும் ஆரிகன் மாநிலத்தில் 2008இல் வெளியான ஆய்வில், அவ்வுதவியை நாடிய 58 பேரில் 15 பேர் மனச்சோர்வுற்றிருந்தனர். தெளிவும் சோர்வும் ஒரே சொற்களில் பேசக்கூடும் என்பதால், அந்தச் சொற்களுக்கு விடை தருவதற்குமுன் மனநிலையை விசாரிப்பது நோயாளியின் உரிமையைப் பறிப்பதாகாது. அவர் பெற வேண்டிய சிகிச்சையின் ஒரு பகுதியே அது.