சிறுத்தைச் சின்னம் பிறந்த மண்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மாவுக்கும் மான்ட்கோமரிக்கும் நடுவே இருக்கிறது லவுன்ஸ் கவுண்டி. பருத்தி விளைந்த கரிய மண். 1965-ன் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவர். ஆனால், வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. வெள்ளையர்களின் பெயர்களோ, வாக்களிக்கும் வயதில் இருந்த வெள்ளையர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாகப் பட்டியலில் இருந்தன. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு 86 வெள்ளைக் குடும்பங்களிடம் இருந்தது. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அந்த நிலங்களில் வாரத்துக்குப் பயிரிட்டுப் பிழைத்தவர்கள். வன்கொலைகளுக்குப் பேர்போன அந்த வட்டாரத்துக்கு 'ரத்த லவுன்ஸ்' என்றே பெயர்.

1965 மார்ச்சில் ஜான் ஹியூலட் என்பவரும் பார்வையற்ற போதகர் ஜான் லாசனும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே முதல் கறுப்பின வாக்காளர்களாகப் பதிவானார்கள். அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குச் சென்ற பேரணி லவுன்ஸ் வழியாக நடந்தது. பேரணி முடிந்த இரவில், அதில் பங்கேற்றவர்களைக் காரில் கொண்டுவிட உதவிய வயோலா லியூசோ என்ற வெள்ளையினப் பெண் இங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். பேரணி கடந்துபோன பிறகும் லவுன்ஸிலேயே தங்கியவர்கள் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள். ஸ்டோக்லி கார்மைக்கேல் அவர்களில் முக்கியமானவர். துப்பாக்கி வைத்திருந்த உள்ளூர் விவசாயக் குடும்பங்கள்தான் அவர்களுக்கு இடமும் பாதுகாப்பும் கொடுத்தன.

ஆகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கறுப்பின மக்கள் பெயர் பதியத் திரண்டதும் நிலவுடைமையாளர்கள் பழிவாங்கினார்கள். பதிந்த குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அந்த டிசம்பரில், 80-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான நிலத்தில் கூடாரங்கள் எழுந்தன. வயலும் வேலையும் போய், குளிரில் குழந்தைகளோடு கிடந்தன அந்தக் குடும்பங்கள். இரவில் கூடாரங்களை நோக்கித் துப்பாக்கிச்சூடும் நடந்தது. இத்தனைக்குப் பிறகும் அவர்கள் ஓட்டுரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த ஓட்டை யாருக்குப் போடுவது? அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் அப்போது வெள்ளைச் சேவலாக இருந்தது. அதற்கு மேலே 'வெள்ளையர் மேலாண்மை' என்ற முழக்கத்தை அந்தக் கட்சி பல்லாண்டுகள் பொறித்து வைத்திருந்தது. ஆட்டிப் படைத்தவர்களின் கட்சியிலேயே போய் இடம் கேட்பதில் பொருளில்லை. மாநிலச் சட்டத்தை அலசியபோது வழி கிடைத்தது: ஒரு கவுண்டியின் குடிமக்கள் தங்களுக்கென்று தனிக் கட்சி அமைக்கலாம். அப்படிப் பிறந்ததுதான் லவுன்ஸ் கவுண்டி சுதந்திர அமைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்ததால் சின்னம் கட்டாயத் தேவை. சீண்டப்பட்டால் எதிர்த்துப் பாயும் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தார்கள்.

இந்த முயற்சியில் ஆகச் சிறந்தது அரசியல் கல்விதான். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப்பின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளருக்கு என்ன அதிகாரம், பள்ளி வாரியம் எதை முடிவு செய்யும் என்று படக்கதைப் புத்தகங்கள் போட்டு விளக்கினார்கள். அதுவரை ஷெரீப்பைக் கண்டு அஞ்சி ஒதுங்கியவர்கள் அந்தப் பதவிக்குத் தங்களில் யார் பொருத்தம் என்று பேசத் தொடங்கினார்கள். 1966 மே 3 அன்று வேட்பாளர் தேர்வு. நீதிமன்ற வளாகத்தில் கூடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டதால் ஹெய்ன்வில் ஊரின் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடினார்கள். சுமார் 900 பேர் வாக்களித்து ஏழு பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வரி மதிப்பீட்டாளர் பதவிக்கு நின்ற ஆலிஸ் மூர், பணக்காரர்களுக்கு உரிய வரி விதிப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் மிசிசிப்பியின் கிரீன்வுட் நகரில் கார்மைக்கேல் எழுப்பிய 'கறுப்பர் அதிகாரம்' முழக்கத்துக்குப் பின்னால் இந்த லவுன்ஸ் அனுபவம் இருந்தது.

நவம்பரில் ஏழு பேரும் தோற்றார்கள். தோட்ட முதலாளிகள் தங்கள் ஆட்களை வண்டியில் ஏற்றிவந்து சேவலுக்குப் போட வைத்தார்கள்; மிரட்டலும் அடிதடியும் தாராளமாக நடந்தன. ஆனாலும் வாக்குகளில் 40 சதவீதத்துக்கு மேல் பெற்று, சட்டப்படி அங்கீகாரம் பெற்ற கட்சியானது அந்த அமைப்பு. அதற்கு முந்தைய மாதமே கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் அதே சிறுத்தையின் பெயரில் ஒரு கட்சி தொடங்கியிருந்தார்கள். 1972-ல் மும்பையில் உருவான தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரை எடுத்துக்கொண்டது அந்த ஓக்லண்ட் கட்சியிடமிருந்து. லவுன்ஸிலோ, 1970 தேர்தலில் ஜான் ஹியூலட் ஷெரீப் ஆனார்.